பௌபஜாரில் கண்ட மங்கல் ஒளி

1928 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. கல்கத்தாவில் இரவு சுமார் 9 மணி. சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு தென்னாட்டு இளைஞர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். மற்றவர் எஸ். வெங்கடேஸ்வரன். திடீரென்று வாசலில் ஆள் வந்த அரவம். இறங்கி வந்து பார்த்தால், பேராசிரியர் ராமனே நின்றுகொண்டிருக்கிறார்!

காலையில் ஆய்வுக்கூடத்தில் பார்த்த மங்கல் ஒளி என்னவென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதைச் சொல்ல மறுநாள் காலை வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் மூவரும் வீட்டு வாசலிலேயே நின்று பேசினார்கள். கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பால் இந்தக் காட்சி நமக்குத் தெரிய வந்தது.

அடுத்த மூன்று வாரங்களில், பிப்ரவரி 28ந் தேதி, "ராமன் விளைவு" உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1930ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. ஆனால் அன்று பௌபஜாரில் அவர்கள் பிரித்தறிய முயன்ற ஒளி இரண்டு வகை. ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. "இது அல்ல" என்று ஒதுக்கப்பட்ட மற்றொன்றும் சும்மா இருந்துவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில், உயிரின் மிகச் சிறிய உறுப்புகளைக் காட்டும் விளக்காக அது மாறியிருக்கிறது. அந்தக் கதையிலும் கிருஷ்ணனுக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஆபீசுக்கு முன்னும் பின்னும்

இன்று பிபின் பிஹாரி கங்குலி தெரு என்று அழைக்கப்படும் பழைய பௌபஜார் தெருவில், 210ம் எண்ணில் கோயங்கா வணிகவியல் கல்லூரி இருக்கிறது. சியால்டாவிலிருந்து டல்ஹவுசிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு காலத்தில் அந்த விலாசத்தில்தான் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. 1876ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதைத் தொடங்கினார். ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லையே என்ற ஏக்கத்தோடு 1904ல் அவர் காலமானார்.

மூன்றாண்டுகள் கழித்து ஆள் வந்தார். அவர் ஓர் ஆபீஸ் உத்தியோகஸ்தர்! 1907ல் நிதித்துறையில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமனுக்கு அப்போது வயது 18. டிராமில் போகும்போது கழகத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார் என்பார்கள். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே. பிறகு பல ஆண்டுகள் அவர் ராமனின் வலது கையாக இருந்தார். விடியற்காலையில் ஆய்வுக்கூடம், 10 மணிக்கு ஆபீஸ், மாலை 5 மணிக்குப் பிறகு மீண்டும் ஆய்வுக்கூடம். பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன. 1917ல் சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை என்று உத்தியோகத்தை விட்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

வெங்கடேஸ்வரனும் அப்படிப்பட்டவரே. அலிப்பூர் கவர்ன்மெண்ட் டெஸ்ட் ஹவுஸில் அவருக்கு வேலை. ஓய்வு நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் பௌபஜாருக்கு வந்து சோதனை செய்வார். கிளிசரின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தியபோது, வழக்கமான நீலத்துக்குப் பதில் பச்சை கலந்த ஒளி வருவதைக் கவனித்தவர் அவர்தான். கணக்குப் பார்த்தால், விஞ்ஞான உலகம் வியந்த அந்தக் கண்டுபிடிப்பில் ஓவர்டைம் வேலைக்கும் ஒரு பங்கு உண்டு எனலாம்.

டினோபாலும் டியூப் லைட்டும்

அது என்ன மங்கல் ஒளி? அதைப் புரிந்துகொள்ள ஒரு சலவைக் கதை வேண்டும்.

ஒரு காலத்தில் வெள்ளை வேட்டிக்கு வீட்டில் டினோபால் போடுவார்கள். சாதாரண வெள்ளை பளிச்சென்று ஆகிவிடும். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. டினோபாலில் உள்ள பொருள் அதை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. டியூப் லைட்டின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிற ஒளியாகக் கொடுக்கும் இந்தக் குணத்துக்கு ஃப்ளோரெசென்ஸ், அதாவது உடனொளிர்தல் என்று பெயர்.

1923ல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் திரவங்களில் ஒரு மங்கலான வேற்று நிற ஒளியைக் கண்டபோது, இது திரவத்தில் கலந்துள்ள அழுக்கின் உடனொளிர்தலாக இருக்கும் என்றே எண்ணினார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திய பிறகும் ஒளி போகவில்லை. 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் ஒவ்வொரு திரவமாக எடுத்துப் பார்த்தார். சுமார் 60 திரவங்கள். எல்லாவற்றிலும் அதே ஒளி!

இங்கேதான் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. அந்த ஒளி வலுவாகத் தளவிளைவு அடைந்திருந்தது. அதாவது, அதன் அதிர்வு எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரே தளத்தில் இருந்தது. சாதாரணத் திரவத்தில் உடனொளிர்தல் அப்படி இராது. ஒளியை வாங்கிய மூலக்கூறு அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பலமுறை உருண்டு புரண்டுவிடும். வாங்கிய திசை ஒன்று, கொடுக்கும் திசை வேறு. ஆகவே இது உடனொளிர்தல் அல்ல, ஒளிச்சிதறலில் ஒரு புதிய வகை என்று ராமன் முடிவு கட்டினார். ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் "நேச்சர்" இதழில் 1928 மார்ச் 31ல் கடிதம் வெளியாயிற்று.

வாசகர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரவத்தில் மூலக்கூறு புரளும். புரளாமல் கட்டிப் போட்டுவிட்டால்? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருவோம்.

பாச்சை உருண்டையின் உறவுக்காரர்கள்

கண்டுபிடிப்பு நடந்த அதே ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1933ல் ராமன் பெங்களூருக்குச் சென்றதும், கிருஷ்ணன் பௌபஜாருக்குத் திரும்பி, கழகத்தை நிறுவிய மகேந்திரலால் சர்க்காரின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார். 1942 வரை அங்கேயே இருந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் கவனம் படிகங்களின் மேல். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் ரசாயனப் பெயர் நாஃப்தலீன். கரியணுக்கள் கைகோத்து நிற்கும் இரண்டு வளையங்கள் சேர்ந்தது அதன் மூலக்கூறு. மூன்று வளையம் சேர்ந்தால் ஆந்த்ரசீன். நான்கு சேர்ந்தால் நாஃப்தசீன். ஐந்து சேர்ந்தால் பெண்டசீன். எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தத் தட்டையான மூலக்கூறுகள் படிகத்துக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காந்தத்தைக் கொண்டு அளக்க கிருஷ்ணன் அருமையான வழி கண்டார். பிறகு பி. கே. சேஷனுடன் சேர்ந்து ஒளியைக் கொண்டும் ஆராய்ந்தார். ஆந்த்ரசீன் படிகத்தில் நாஃப்தசீனைச் சிறிதளவு கலந்தால், விருந்தாளி மூலக்கூறு வீட்டுக்காரர் இடத்தில் அவரைப் போலவே சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. லட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலும் போதும். ஊதா கலந்த நீலமாக ஒளிரும் படிகம் பச்சை மஞ்சளாக ஒளிரத் தொடங்கிவிடும். தளவிளைவுற்ற ஒளியைப் பாய்ச்சி, படிகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

திரவத்தில் புரண்டுகொண்டிருந்த மூலக்கூறு இங்கே படிகத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதன் ஒளியில் அதன் திசை எழுதப்பட்டிருக்கிறது. 1930களில் பௌபஜாரில் கிருஷ்ணன் படித்தறிந்த எழுத்து இதுதான்.

ஆனால் அன்று பார்த்தது கோடானுகோடி மூலக்கூறுகளின் மொத்த ஒளி. ஒற்றை மூலக்கூற்றைத் தனியாகப் பார்க்க முடியும் என்று எவரும் கனவு காணவில்லை. அணுவியல் மேதை ஷ்ரோடிங்கரே 1952ல், ஒற்றை அணுவையோ மூலக்கூற்றையோ வைத்து நாம் சோதனை செய்வதே இல்லை என்று எழுதினார்.

குளிர் திறந்த கதவு

1989ல் அமெரிக்காவில், ஐ.பி.எம். கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் மோர்னர் என்பவர் அந்தச் சொல்லை மாற்றிக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? வேறொரு படிகத்துக்குள் விருந்தாளியாக வைக்கப்பட்ட பெண்டசீன்! கிருஷ்ணனின் நாஃப்தசீனைவிட ஒரே ஒரு வளையம் அதிகம். மறு ஆண்டே பிரான்சில் மிஷேல் ஒரிட் அதே பெண்டசீன் மூலக்கூற்றை அதன் உடனொளிர்தலைக் கொண்டு இன்னும் தெளிவாகக் கண்டார்.

இடையில் என்ன மாறியது? முக்கியமாக இரண்டு. ஒன்று, லேசர். இரண்டாவது, குளிர். சாதாரண வெப்பத்தில் மூலக்கூறுகள் நடுங்கிக்கொண்டே இருப்பதால், அவை வாங்கும் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். திரவ ஹீலியத்தின் குளிரில் நடுக்கம் அடங்குகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ரேடியோ நிலையம் போலத் தனக்கென ஓர் அலைவரிசையில் நிற்கிறது. லேசரின் முள்ளைத் திருப்பி, ஒன்றை மட்டும் பிடிக்கலாம்.

ஹௌராவில் பனிமூட்டம்

ஒற்றை மூலக்கூறு தெரிந்தது. அதனால் என்ன லாபம்?

நுண்ணோக்கி எவ்வளவு நல்லதானாலும் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு என்று 1873ல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஆபே கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். ஒளியால் சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட முடியாது. நம் உடம்பில் வேலை செய்யும் புரதம் ஒன்றின் அகலமோ வெறும் 5, 10 நானோமீட்டர்.

ஜனவரி மாத அதிகாலையில் ஹௌரா யார்டில் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பனிமூட்டத்தில் வரும் எஞ்சினின் விளக்கு, விளக்காகத் தெரியாது. பெரிய ஒளி வட்டமாகத் தெரியும். ஆனாலும் விளக்கு எங்கே என்று கேட்டால், வட்டத்தின் நடுவைச் சரியாகக் கைகாட்டிவிடலாம். தொல்லை எப்போது? பக்கத்துப் பக்கத்து லைனில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டு வட்டமும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. முதல் விளக்கை அணைத்து இரண்டாவதைப் பார். பிறகு இரண்டாவதை அணைத்து முதலாவதைப் பார். இரண்டு நடுப்புள்ளிகளும் தனித்தனியே கிடைத்துவிடும்.

மூலக்கூறுகளை இப்படி ஒவ்வொன்றாக மின்ன வைத்து, நடுப்புள்ளிகளைக் குறித்துச் சேர்த்தால், ஆபேயின் எல்லைக்கும் கீழே படம் எடுக்கலாம். இதைச் செய்து காட்டியவர் எரிக் பெட்சிக். அவர் கதையும் நம் வாசகர்கள் அறிய வேண்டியது. ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டுத் தகப்பனாரின் இயந்திரக் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அதையும் விட்ட பிறகு, 2005ல் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து சொந்தப் பணம் போட்டு, நண்பர் வீட்டு வரவேற்பறையில் அந்த நுண்ணோக்கியைக் கட்டினார். 2014ல் ரசாயன நோபல் பரிசு பெட்சிக், மோர்னர், ஸ்டெஃபான் ஹெல் மூவருக்கும் கிடைத்தது.

வெளுக்காத சாயம்

வட்டத்தின் நடுவை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கலாம் என்பது, நமக்கு எத்தனை ஒளித்துகள் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது. கணக்கு இதுதான்: 250 நானோமீட்டர் அகல வட்டத்திலிருந்து 100 ஒளித்துகள் கிடைத்தால் பிழை பத்தில் ஒரு பங்காகி 25 நானோமீட்டர் ஆகும். 10,000 கிடைத்தால் 2.5. பத்து லட்சம் கிடைத்தால் 0.25 நானோமீட்டர். அதாவது, சில அணுக்களின் அகலம்.

அத்தனை ஒளித்துகளை ஒரு மூலக்கூறு தருமா? சாதாரண வெப்பத்தில் தராது. வெயிலில் உலர்த்திய சட்டை நாளடைவில் வெளுப்பதுபோல, லேசர் ஒளியில் சாய மூலக்கூறும் வெளுத்துப்போகும். சுற்றி அலையும் ஆக்சிஜனும் ரசாயன மாற்றங்களும் அதைச் சீக்கிரம் அழித்துவிடுகின்றன. கடுங்குளிரில் ஆக்சிஜன் நகர முடியாமல் நிற்கிறது. ரசாயன மாற்றமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒரே மூலக்கூறு நூறு மடங்கும் அதற்கு மேலும் ஒளியைத் தருகிறது. குளிரைத் தேடி விஞ்ஞானிகள் போவதற்கு இது முதல் காரணம்.

சியால்டா மீனும் கண்ணாடிப் பனியும்

இரண்டாவது காரணம் உயிர்ப்பொருளைக் கெடாமல் பாதுகாப்பது. மீன் சந்தையில் ஐஸில் வைத்த மீனுக்கும், மெல்ல உறைந்து கட்டியாகிப் பின் இளகிய மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொல்கத்தாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறைந்து இளகிய மீன் தளர்ந்து நீர் விடும். காரணம், மெல்ல உறையும்போது சதைக்குள் இருக்கும் தண்ணீர் கூரிய பனிப்படிகங்களாகிச் செல்களைக் குத்திக் கிழித்துவிடுகிறது.

ஆனால் கண் இமைப்பதற்குள் உறைய வைத்தால், தண்ணீருக்குப் படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசமே இராது. இருந்த இருப்பில் கண்ணாடிபோல் இறுகிவிடும். 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் டுபோஷே, திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட ஈத்தேனில் மாதிரியை முக்கி இதைச் சாதித்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் உறைந்த புரதங்களைப் பார்க்கும் இந்த முறைக்காக 2017ல் அவருக்கும் யோவாகிம் ஃப்ராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி கல்கத்தாவுக்குப் புதியதல்ல. இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை 1940களில் நீரஜ்நாத் தாஸ்குப்தா இந்த நகரத்தில்தான் கட்டினார். அதன் படம் மிக நுட்பமானது. ஆனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நெரிசலான சீல்டா லோக்கலின் போட்டோவைக் கையில் கொடுத்து, "உங்கள் தம்பி எங்கே?" என்று கேட்பது போலத்தான். தம்பி மட்டும் சிவப்புச் சட்டை போட்டிருந்தால்? அந்தச் சிவப்புச் சட்டைதான் உடனொளிரும் சாயம். உறைந்த அதே மாதிரியை முதலில் ஒளி நுண்ணோக்கியிலும், பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்தால், எந்தப் புரதம் எங்கே நிற்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று இரண்டும் தெரியும். 2020ல் பெட்சிக், ஹெஸ் பணியாற்றிய அமெரிக்க ஆய்வுக்கூடம் முழுச் செல்களையே இப்படி இரு வகையிலும் படம் எடுத்து வெளியிட்டது.

குளிரோடு மல்லுக்கட்டு

சொல்வது எளிது, செய்வது கடினம். இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் போராடும் சிக்கல்கள் இவை:

முதலாவது லென்ஸ். நல்ல நுண்ணோக்கியில் லென்சுக்கும் மாதிரிக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். அது அதிக ஒளியைச் சேர்த்துக் கொடுக்கும். கடுங்குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். எண்ணெய் இல்லாத லென்ஸ் என்றால் வட்டம் பெரிதாகிறது, ஒளி குறைகிறது. மாதிரியை அரைக்கோளத்தைவிடச் சற்றுப் பெரிய திண்ம லென்சின் மீதே வைத்துவிடும் உபாயத்தை 2019ல் பிரிட்டிஷ் குழு ஒன்று செய்து காட்டியது.

இரண்டாவது சூடு. கண்ணாடிப் பனி சுமார் மைனஸ் 135 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரைதான் கண்ணாடிப் பனி. அதற்கு மேல் போனால் படிகமாகி எல்லாம் பாழ். லேசரைக் கொஞ்சம் கூட்டினாலே மாதிரியைத் தாங்கும் கரிப் படலம் ஒளியைக் குடித்துச் சூடேறிவிடும். லேசரைக் குறைத்தால் படம் எடுக்க நெடுநேரம் ஆகும். அதற்குள் மாதிரி ஒரு நானோமீட்டர் நகர்ந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

மூன்றாவது, அணைந்து எரிவது. விளக்குகள் மாறி மாறி மின்ன வேண்டும் என்று பார்த்தோம். மின்னுவதற்குக் காரணமான ரசாயன மாற்றமே குளிரில் மந்தமாகிவிடுகிறது. எந்தக் குளிர் சாயத்தை வெளுக்காமல் காக்கிறதோ, அதே குளிர் அதன் கண் சிமிட்டலையும் தடுக்கிறது!

நான்காவதுதான் நாம் பின்னால் வருவோம் என்று சொன்ன கேள்வி. குளிரில் மூலக்கூறு புரளாது. அது ஒரே திசையில் நிற்பதால், அதன் ஒளி வட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, நடுப்புள்ளி தவறாகத் தெரியக்கூடும். ஆரம்பத்தில் இது பெரும் தொல்லையாகத்தான் தெரிந்தது.

ஆனால் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில், மாக்ஸ் பிளாங்க் ஒளியியல் நிலையத்தில், வாஹித் சந்தோக்தர் குழுவினர் தொல்லையையே துணையாக்கிக்கொண்டார்கள். முதலில் 2017ல், திரவ ஹீலியக் குளிரில், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற சிறு புரதத்தில் பயோடின் ஒட்டும் நான்கு இடங்களையும் ஒளியைக் கொண்டே தனித்தனியே குறித்தார்கள். முழுப் புரதமே சுமார் 5 நானோமீட்டர்தான்! பிறகு 2022ல் தளவிளைவைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு சாய மூலக்கூறும் வெவ்வேறு திசையில் உறைந்து நிற்பதால், ஒவ்வொன்றின் ஒளிக்கும் வெவ்வேறு தளம். தளத்தை அளந்தால் எந்த ஒளி எந்த மூலக்கூற்றிலிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம். சங்கிலிபோல் ஆறு உறுப்புகள் வளையமாகச் சேர்ந்த ஒரு புரதத்தில், உறுப்புகள் நிற்கும் இடங்களை இப்படிக் குறித்துக் காட்டினார்கள்.

1928ல் பௌபஜாரில், தளவிளைவைக் கண்டு "இது உடனொளிர்தல் அல்ல" என்றார்கள். சரியான முடிவு, ஏனென்றால் அங்கே மூலக்கூறு புரண்டுகொண்டிருந்தது. 1930களில் அதே கட்டிடத்தில் கிருஷ்ணன், கட்டுண்ட மூலக்கூற்றின் ஒளியில் அதன் திசையைப் படித்தார். இன்று உறைந்த புரதத்துக்குள் அதே எழுத்தை ஒவ்வொரு மூலக்கூறாகப் படிக்கிறார்கள்.

யாருக்கு என்ன பயன்?

புரதத்தின் வடிவம் தெரிவது வெறும் வேடிக்கைக்காக அல்ல. மருந்து சாவி என்றால் புரதம் பூட்டு. பூட்டின் உட்புறம் தெரியாமல் சாவி செய்ய முடியாது.

கல்கத்தாவை ஆட்டிப்படைத்த காலராவையே எடுத்துக்கொள்ளலாம். காலராக் கிருமி வெளியிடும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959ல் இந்த நகரத்தில் சம்புநாத் டே நிரூபித்தார். பின்னாளில் அந்த நஞ்சின் வடிவம் தெரிந்தது. ஐந்து உறுப்புகள் சேர்ந்த ஒரு வளையம் குடல் செல்லில் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆறாவது உறுப்பு உள்ளே புகுந்து வேலையைக் காட்டுகிறது. உயிரில் பல புரதங்கள் இப்படி வளையம் வளையமாகக் கூடித்தான் காரியம் செய்கின்றன. கூடும்போது எத்தனை பேர், யார் பக்கத்தில் யார் என்பதைத்தான் இந்தக் குளிர் நுண்ணோக்கி சொல்ல முயல்கிறது.

புரத வடிவங்களின் ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்று கண்டார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், புரதங்களைத் தயாரிக்கும் ரிபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். படிகங்களைக் கடுங்குளிரில் வைத்து ஆராயும் முறை அந்த வேலைக்குப் பெரிதும் கைகொடுத்தது.

குளிரைக் கொண்டுவந்தவர்

கிருஷ்ணனின் கதையில் இன்னும் ஒன்று பாக்கி. பௌபஜாரில் அவர் ஆராய்ந்தபோது திரவ ஹீலியம் இந்தியாவில் எங்குமே இல்லை. நாடு விடுதலை பெற்ற 1947ல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். 1952ல் ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரம் அங்கே வந்தது. இந்தியாவில் அந்தக் கடுங்குளிரை முதலில் கொண்டுவந்து வைத்தவரும் அவரே. 1961 ஜூன் 14ல் அவர் காலமானார். அவர் கொண்டுவந்த குளிரையும், அவர் படித்த மூலக்கூறுகளின் ஒளியையும் மோர்னர் ஒன்று சேர்த்தபோது 28 ஆண்டுகள் கடந்துவிட்டன.

ராமன் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் கிருஷ்ணன் பெயரைச் சொல்வதில்லை. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் நிலைமை இதுதான். பரிசு ஒருவருக்குத்தான் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த மங்கல் ஒளியை நாள்தோறும் கண்ணால் பார்த்துக் குறித்தவர் கிருஷ்ணன். அதை முதலில் கிளிசரினில் கவனித்தவர், ஆபீஸ் முடிந்து வந்த வெங்கடேஸ்வரன்.

இன்று ஒரு குளிர் நுண்ணோக்கிக்குக் கோடிக்கணக்கில் ரூபாய் வேண்டும். பௌபஜாரில் பயன்பட்ட கருவிகளின் விலை சுமார் 200 ரூபாய் என்பார்கள். ஆகவே இனி நம் பிள்ளைகளால் ஆகுமா என்று கேட்கலாம். பெட்சிக்கின் வரவேற்பறை அதற்கு ஒரு பதில். உறைபனியில் கண் சிமிட்டும் புதிய சாயம், ஒளியைக் குடிக்காத புதிய படலம், சாய்ந்த வட்டத்தின் நடுவைச் சரியாகக் காணும் புதிய கணக்கு, இவை இன்னும் தீராத வேலைகள். கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தால் போதும்.

கழகம் பௌபஜாரை விட்டு ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும் தகப்பன்மார், 210ம் எண் கட்டிடத்தின் முன் ஒரு நிமிஷம் நிற்கலாம். மாலை 5 மணிக்கு ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகாமல் அங்கே போன மனிதர்கள் சிலர் இருந்தார்கள் என்பதைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும்.